பென்டிரைவின் முதல் 32,768 பைட்டுகள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "லினக்ஸ் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, பென்டிரைவில் காப்பி-பேஸ்ட் செய்தேன். திறந்து பார்த்தால் கோப்பு முழுசாக இருக்கிறது. ஆனாலும் கணினி அதிலிருந்து பூட் ஆக மாட்டேன் என்கிறது. அதே கோப்பை டெர்மினலில் டிடி கட்டளை கொடுத்து ஏற்றினால் உடனே பூட் ஆகிறது. இரண்டுமே காப்பிதானே? என்ன வித்தியாசம்?"

ஐஎஸ்ஓ என்பது ஒரு குறுந்தகட்டின் உள்ளடக்கம் முழுவதையும் பைட்டு பைட்டாக அடக்கிய ஒரே கோப்பு; பூட் ஆவது என்றால், கணினி ஒரு வட்டிலிருந்து இயங்குதளத்தை ஏற்றிக்கொண்டு எழுவது. வாசகர் சொன்னது சரி, இரண்டும் காப்பிதான். பைட்டுகளிலும் ஒன்றுகூட மாறுவதில்லை. அவை போய் உட்காரும் இடம் மட்டும்தான் மாறுகிறது.

பவர் பொத்தானை அழுத்திய நொடியிலிருந்து பார்ப்போம். பழைய பயாஸ் (கணினி எழுந்ததும் முதலில் ஓடும் உள்ளமைந்த நிரல்) வகைக் கணினிக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. ஃபோல்டர், கோப்பின் பெயர், ஃபேட்32 போன்ற ஃபைல் சிஸ்டம் (கோப்புகளை வட்டில் அடுக்கும் முறை) எதுவும் அதன் அறிவுக்கு எட்டாது. வட்டின் முதல் 512 பைட்டுகளை எடுத்து, நினைவகத்தில் 31,744 என்ற முகவரியில் வைக்கும். அவற்றின் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்று இருந்தால், அந்த முகவரிக்குத் தாவி அங்கே இருப்பதை நிரலாக ஓட்டத் தொடங்கும். அவ்வளவுதான் அதன் வேலை. 31,744 என்பது குத்துமதிப்பாக வைத்த எண் அல்ல. 1981-இல் ஐபிஎம் பிசி வந்த காலத்தில் 32 கிலோபைட் நினைவகம் என்பதே பெரிய விஷயம். 32,768-இலிருந்து 1,024-ஐக் கழித்தால் 31,744. அதாவது, அந்த நினைவகத்தின் கடைசி ஒரு கிலோபைட் தொடங்கும் இடம். 85-ஐ இருமத்தில் எழுதினால் 01010101, 170-ஐ எழுதினால் 10101010. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இந்த ஜோடியைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறார்கள்.

அந்த 512 பைட்டுகளில் முதல் 446 பைட்டுகள் நிரலுக்கு. அடுத்த 64 பைட்டுகள் பார்ட்டிஷன் (வட்டைப் பிரித்த பகுதி) அட்டவணைக்கு, ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு. மீதி இரண்டு பைட்டுகள் மேலே சொன்ன அடையாளம்.

இப்போது காப்பி-பேஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவில் பெரும்பாலும் ஒரே ஒரு பார்ட்டிஷன் இருக்கும். இன்றைய கருவிகள் அதை வட்டின் தொடக்கத்திலிருந்து 1,048,576 பைட்டுகள் தள்ளி ஆரம்பிக்கின்றன. நீங்கள் ஒட்டும் கோப்பு அந்தப் பார்ட்டிஷனுக்குள், ஃபைல் சிஸ்டம் ஒதுக்கிக் கொடுக்கும் ஏதோ ஓர் இடத்தில் போய் உட்காரும். முதல் 512 பைட்டுகள் முன்பு எப்படி இருந்தனவோ அப்படியே கிடக்கும். பயாஸ் பார்ப்பதோ அந்த இடத்தை மட்டும். நீங்கள் ஐஎஸ்ஓ வைத்தீர்களா, புகைப்படம் வைத்தீர்களா என்பதே அதற்குத் தெரிய வாய்ப்பில்லை.

டிடி செய்வது வேறு. யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் முழு பென்டிரைவும் ஒரு கோப்பாகவே தெரியும். /டெவ்/எஸ்டிபி என்பது முழு வட்டு. /டெவ்/எஸ்டிபி1 என்பது அதற்குள் இருக்கும் முதல் பார்ட்டிஷன். ஐஎஸ்ஓவின் முதல் பைட்டை வட்டின் முதல் பைட்டிலும், இரண்டாவதை இரண்டாவதிலும் என்று கடைசிவரை எழுதிக்கொண்டே போவதுதான் டிடி. இடையில் ஃபைல் சிஸ்டம் எதையும் அது கேட்பதில்லை.

கட்டளை வரியை உச்சரிப்பில் தருகிறேன்; தட்டும்போது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்ட வேண்டும், 4-க்குப் பின்னால் வரும் எம் மட்டும் பெரிய எழுத்து, மற்றவை சிற்றெழுத்து: சூடோ டிடி ஐஎஃப்=டெபியன்.ஐஎஸ்ஓ ஓஎஃப்=/டெவ்/எஸ்டிபி பிஎஸ்=4எம் கான்வ்=எஃப்சிங்க் ஸ்டேட்டஸ்=ப்ராக்ரஸ். ஐஎஃப் என்பது எங்கிருந்து படிப்பது, ஓஎஃப் என்பது எங்கே எழுதுவது. மற்ற யூனிக்ஸ் கட்டளைகளுக்கு ஒட்டாத இந்த எழுத்துமுறை, ஐபிஎம் பெருங்கணினிகளின் வேலைக்கட்டளை மொழியிலிருந்து வந்தது.

டிடி உங்களிடம் "நிச்சயமாகவா?" என்று கேட்காது. ஓஎஃப்-இல் தவறான வட்டைக் கொடுத்தால் அந்த வட்டின் தலைப்பகுதி போயே போய்விடும். அதனால் முதலில் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்து வட்டுகளின் பட்டியலைப் பாருங்கள். பென்டிரைவைச் செருகுவதற்கு முன் ஒரு தடவை, செருகிய பின் ஒரு தடவை. புதிதாக முளைத்த பெயர் எது, அதன் கொள்ளளவு கையில் இருக்கும் பென்டிரைவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு, அது மவுண்ட் ஆகியிருந்தால் (அதாவது, இயங்குதளம் அதைத் திறந்து வைத்திருந்தால்) அன்மவுண்ட் செய்துவிட்டு, பிறகு தொடங்குங்கள். இன்னொருவர் எழுதிய கட்டளையை அப்படியே ஒட்டாதீர்கள். அவருடைய கணினியில் உள்வட்டு என்விஎம்இ வகையாக (எஸ்டி என்று தொடங்காத பெயர் பெறும் வட்டு) இருந்தால் பென்டிரைவின் பெயர் எஸ்டிஏ என்று வரும். உங்கள் கணினியில் எஸ்டிஏ என்பது உங்கள் உள்வட்டாகவே இருக்கலாம்.

இந்த விஷயத்தில் சில மூடநம்பிக்கைகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. டிடி கொடுப்பதற்கு முன் பென்டிரைவை ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. எதற்கு? ஃபார்மேட் எழுதும் அட்டவணைகளை அடுத்த நிமிடமே டிடி மேலெழுதி அழித்துவிடும். பிஎஸ்=4எம் என்று போட்டால்தான் பூட் ஆகும் என்பது இன்னொன்று. ஒரு தடவைக்கு எத்தனை பைட்டுகளை அள்ளி எழுதுவது என்பதுதான் பிஎஸ். அதை மாற்றினால் வேகம் மாறும். எழுதப்படும் உள்ளடக்கத்தில் ஒரு பிட்கூட மாறாது. டிடியே வேண்டாம் என்றாலும் சரி, சாதாரண சிபி கட்டளையில் கோப்பையும் /டெவ்/எஸ்டிபி-யையும் கொடுத்தால் அதே பலன். டெபியன் நிறுவல் கையேடே இந்த முறையைத்தான் சொல்கிறது. காரணம் தெரியாமல் கட்டளையை மனப்பாடம் செய்வது எனக்கு ஒப்பாத பழக்கம். அப்படிக் கற்றவருக்கு, ஒரு நாள் அது வேலை செய்யாமல் போனால் எங்கே தேடுவது என்றே தெரியாது.

இங்கே இன்னொரு கேள்வி எழ வேண்டும். ஐஎஸ்ஓ என்பது குறுந்தகட்டின் படிமம் ஆயிற்றே! குறுந்தகட்டின் செக்டர் (ஒரு தடவையில் படிக்கும் மிகச் சிறிய துண்டு) 2,048 பைட், பென்டிரைவின் செக்டர் 512 பைட். குறுந்தகட்டிலிருந்து பூட் ஆகும் வழியும் வேறு. ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995-இல் கொண்டுவந்த எல் டொரிட்டோ என்ற விதிப்படி, பயாஸ் 17-ஆம் செக்டருக்குப் போய் அங்கிருந்து பூட் நிரலைத் தேடும். முதல் 512 பைட்டுகளை அது சீண்டுவதே இல்லை. அப்படியானால், குறுந்தகட்டுக்காகச் செய்த படிமம் பென்டிரைவில் எப்படி பூட் ஆகிறது?

குறுந்தகட்டின் ஃபைல் சிஸ்டத்துக்கான தரநிலை ஐஎஸ்ஓ 9660; 1988-இல் வெளியானது. அதில் முதல் 16 செக்டர்களை "கணினியின் உபயோகத்துக்கு" என்று ஒதுக்கிவிட்டு, அங்கே என்ன இருக்க வேண்டும் என்று எதுவுமே சொல்லாமல் விட்டுவிட்டார்கள். 16-ஐ 2,048-ஆல் பெருக்கினால் 32,768 பைட்டுகள். தகட்டைப் படிக்கும் மென்பொருள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய், 16-ஆம் செக்டரிலிருந்துதான் (செக்டர்களை 0-இலிருந்து எண்ணுவார்கள்) வாசிக்கத் தொடங்கும். அங்கே ஒரு பைட் தள்ளி, சிடி001 என்ற ஐந்து எழுத்து அடையாளம் இருக்கும். பல காலம் அந்த 32 கிலோபைட் பெரும்பாலான தகடுகளில் வெறும் பூஜ்யங்களாகவே கிடந்தது.

எச். பீட்டர் ஆன்வின் 1994-இல் தொடங்கிய சிஸ்லினக்ஸ் திட்டத்திலிருந்து வந்த ஐசோஹைப்ரிட் என்ற கருவி அந்தக் காலி மனையில் குடியேறியது. படிமத்தின் முதல் 512 பைட்டுகளில், வன்வட்டுக்கு இருப்பதைப் போலவே ஒரு பூட் நிரல், ஒரு பார்ட்டிஷன் அட்டவணை, 85, 170 எல்லாவற்றையும் அது எழுதிவைக்கிறது. அடுத்து ஓட வேண்டிய நிரல் படிமத்தின் எத்தனையாவது செக்டரில் இருக்கிறது என்ற எண்ணையும் அதே 512 பைட்டுக்குள் பதித்துவிடுகிறது. குறுந்தகடாகப் படிப்பவருக்கு இந்தப் பகுதி கண்ணிலேயே படாது. வட்டாகப் படிப்பவருக்கு இதுதான் முதல் வரி. பாம்பென்று படித்தாலும் எள்ளென்று படித்தாலும் பொருள் வரும் சிலேடை வெண்பாவைப் போல, ஒரே பைட்டு வரிசைக்கு இரண்டு வாசிப்பு. இரண்டும் முழுமையானவை. ஒன்று மற்றொன்றுக்கு இடைஞ்சல் செய்வதில்லை.

/டெவ்/எஸ்டிபி1-க்கு எழுதினால் ஏன் பூட் ஆகாது என்பதும் இதிலிருந்தே தெளிவாகிறது. பதித்து வைத்த எண் படிமத்தின் தொடக்கத்திலிருந்து எண்ணியது. பார்ட்டிஷனுக்குள் எழுதினால் எல்லாமே 1,048,576 பைட்டுகள் தள்ளிப்போகின்றன. அந்தப் பூட் நிரல் வட்டின் முதல் செக்டருக்கு வருவதே இல்லை.

பயாஸுக்குப் பதிலாக யூஈஎஃப்ஐ வைத்திருக்கும் புதிய கணினிகளில் இந்தச் சிலேடைக்கு இன்னொரு அடுக்கு சேர்கிறது. யூஈஎஃப்ஐ, பயாஸைப் போல எழுதப்படிக்கத் தெரியாதது அல்ல. அதற்கு ஃபேட் ஃபைல் சிஸ்டம் புரியும். பார்ட்டிஷன் அட்டவணையைப் பார்த்து, ஈஎஃப்ஐ பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, அதற்குள் ஈஎஃப்ஐ ஃபோல்டரில் பூட் ஃபோல்டரில் பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்ற கோப்பைத் தேடி ஓட்டும். டெபியன் படிமத்தில் ஈஎஃப்ஐ.ஐஎம்ஜி என்ற ஒரு கோப்பு இருக்கிறது. குறுந்தகடாகத் திறந்தால் அது மற்ற கோப்புகளோடு கோப்பாக உட்கார்ந்திருக்கும். ஆனால் அதன் உள்ளே இருப்பது ஒரு சின்ன ஃபேட் ஃபைல் சிஸ்டம். பார்ட்டிஷன் அட்டவணையின் ஒரு பதிவு நேராக அந்தக் கோப்பின் பைட்டுகளையே சுட்டிக்காட்டும். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் கோப்பு, இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் பார்ட்டிஷன். பைட்டுகள் ஒரே ஒரு பிரதிதான்.

ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணைக்கும் இடம் இருக்கிறதா என்றால், அதற்கும் இருக்கிறது. பழைய வகை முதல் செக்டரையும் சேர்த்து 34 செக்டர்கள், அதாவது 17,408 பைட்டுகள். 32,768-க்குள் தாராளமாக அடங்கிவிடும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஆப்பிள் கணினிகளுக்காகச் செய்த வேலை. பழைய மேக் வகை வட்டு அட்டவணை, வட்டின் முதல் இரண்டு பைட்டுகள் ஈ, ஆர் என்ற ஆங்கில எழுத்துகளாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். பயாஸோ அதே இடத்தில் ஓட்டக்கூடிய நிரலை எதிர்பார்க்கும். ஒரே இடத்துக்கு இருவர் போட்டி. அந்த எழுத்துகளின் ஆஸ்கி எண்கள் 69, 82. இன்டெல் வகை செயலி 16-பிட் நிலையில் 69-ஐப் படித்தால் "பிபி ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) ஒன்றைக் கூட்டு" என்று எடுத்துக்கொள்ளும். 82-ஐப் படித்தால் "டிஎக்ஸ் ரெஜிஸ்டரை ஸ்டாக்கில் (நினைவகத்தில் உள்ள தற்காலிக அடுக்கில்) போடு". இரண்டுமே ஆபத்தில்லாத வேலைகள். செயலி அவற்றைச் செய்துவிட்டுத் தன் போக்கில் உண்மையான நிரலுக்குப் போய்விடும். மேக் அதை எழுத்தாகப் படிக்கிறது, செயலி அதைச் செயலாகப் படிக்கிறது. சில லினக்ஸ் படிமங்களின் முதல் பைட்டுகளைப் பதினாறும எண்களாகக் காட்டும் கருவியில் திறந்தால், 45, 52 என்று இந்த ஜோடியை நீங்களே பார்க்கலாம்.

இத்தனை நுட்பமான வேலையைச் செய்கிறவர்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சிஸ்லினக்ஸின் கடைசி நிலையான பதிப்பு 6.03, 2014-இல் வந்தது. இன்று பல லினக்ஸ் வெளியீடுகள் படிமம் கட்டப் பயன்படுத்துவது ஸோரிசோ என்ற கட்டற்ற மென்பொருள். தரவு மையங்களுக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் கொட்டுகிற பணத்தில் ஒரு துளியை அரசுகளும் பெருநிறுவனங்களும் இந்த அடித்தளத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். எந்தத் தரவு மையத்தின் சர்வரும் ஏதோ ஒரு பூட் நிரல் ஓடித்தானே எழுந்து நிற்கிறது?

விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு இந்த வித்தை பலிக்காது. மைக்ரோசாஃப்ட்டின் படிமத்தில் அந்த முதல் பகுதி வட்டாகப் படிக்கும்படி நிரப்பப்பட்டிருக்காது. டிடி கொடுத்தால் பூட் ஆகாது. அங்கே வழி வேறு. விண்டோஸின் டிஸ்க்பார்ட் கருவியில் வட்டைத் தேர்ந்தெடுத்து, கிளீன் கொடுத்து, பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கோப்புகளை அதில் காப்பி செய்ய வேண்டும். யூஈஎஃப்ஐக்கு ஃபேட் புரியும் என்பதால் இந்தக் காப்பியே போதும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டுகளைத் தாண்ட முடியாது. விண்டோஸ் நிறுவலுக்கான இன்ஸ்டால்.விம் கோப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால், டிஸ்ம் கருவியால் துண்டாக்கிப் போட வேண்டும்.

மறுபடி டிடிக்கு வருவோம். கான்வ்=எஃப்சிங்க் எதற்கு? லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளும். பென்டிரைவுக்கு அனுப்புவது பிறகு. இந்தச் சொல் இல்லாவிட்டால், டெர்மினல் "முடிந்தது" என்று சொன்ன பிறகும் பென்டிரைவின் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அப்போது பிடுங்கினால் படிமத்தின் பிற்பகுதி வந்து சேர்ந்திருக்காது. பூட் தொடங்கிப் பாதியில் நின்றுபோகும் பல பென்டிரைவுகளின் கதை இதுதான். எழுதி முடித்ததும் ஒருமுறை கழற்றிச் செருகி, சிஎம்பி கட்டளையால் ஐஎஸ்ஓவின் நீளம் வரை மட்டும் வட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழு வட்டையும் ஒப்பிட்டால் மிச்சப் பகுதியில் பழைய குப்பை இருக்கும், பொருந்தாது. கழற்றிச் செருகச் சொல்வது, நினைவகத்தில் தங்கியிருக்கும் நகலைப் படித்து ஏமாறாமல் இருக்க.

வேலை முடிந்த பிறகு அதே பென்டிரைவைச் சாதாரணமாகப் பயன்படுத்தப் போனால், கொள்ளளவு குறைந்து தெரியும், எழுதவும் முடியாது. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கி எறிகிறவர்கள் உண்டு. அது கெடவில்லை, ஐஎஸ்ஓ 9660 வாசிப்புக்கு மட்டுமேயான ஃபைல் சிஸ்டம், அவ்வளவுதான். புதிய பார்ட்டிஷன் அட்டவணை போட்டாலும் சில கருவிகள் இன்னும் அதைக் குறுந்தகடு என்றே காட்டும். புது அட்டவணை தன் இடத்தில் எழுதப்படுகிறது, புது பார்ட்டிஷன் 1,048,576-இல் தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே சிடி001 யார் கையும் படாமல் பிழைத்திருக்கிறது. அதைத் துடைக்க வைப்எஃப்எஸ் கட்டளையை, ஏ என்ற தெரிவோடு, முழு வட்டுக்கும் கொடுங்கள். அது அழித்த அடையாளங்களை ஒவ்வொன்றாகப் பட்டியலிடும். ஐஎஸ்ஓ 9660-க்கான வரியில் ஐந்து பைட்டுகள் அழிக்கப்பட்டன என்று பதினாறும எண்ணில் ஓர் இடத்தைக் குறிப்பிடும். தசமத்துக்கு மாற்றினால் 32,769. அதன் பிறகு பார்ட்டிஷன் போட்டு ஃபார்மேட் செய்தால் பென்டிரைவின் முழுக் கொள்ளளவும் திரும்பக் கிடைக்கும்.