மடக்குக் கத்திக்கு 7 சென்ரிமீற்றர் அலகு ஏன் போதும்?

கத்தி வாங்கப் போனால் பெரியதைத்தான் கை தேடும். கொழும்பு பழைய சோனகத் தெருவில் ஏதாவது ஹார்ட்வெயார் கடையில் நாலைந்து மடக்குக் கத்திகளை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்துப் பார்க்கச் சொன்னால், வாங்க வந்தவர் முதலில் விரித்துப் பார்ப்பது அநேகமாக நீளமானதையே. காசு கொடுக்கிறோம், கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும் என்ற நினைப்பு. காற்சட்டைப் பையில் தினமும் வைத்துத் திரியப் போகும் கத்திக்கு இந்த நினைப்பு சரிவராது. என்னைக் கேட்டால் அலகு, அதாவது வெட்டும் தகடு, 7 செ.மீ. சுற்றி இருக்க வேண்டும், கையைப் பொறுத்து அரை செ.மீ. கூடலாம், குறையலாம். அதற்குக் காரணம் கத்தி எப்படி வெட்டுகிறது என்பதில் பாதியும், அதைப் பிடிக்கும் கையில் பாதியுமாக இருக்கிறது.

முதலில் வேலையைப் பாருங்கள். வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் இருப்பவருக்குக் கத்தி எதற்கெல்லாம் தேவைப்படும்? பார்சலில் ஒட்டிய டேப்பை அறுக்க, அரிசி மூட்டையின் வாய்த் தையலைப் பிரிக்க, மின்வயரின் மேலுறையைச் சீவ, கயிறு வெட்ட, மாம்பழம் வெட்ட, அவசரத்துக்கு ஒரு பாணைத் துண்டு போட. இந்த வேலைகளில் அலகு முழுவதும் எத்தனை தரம் பயன்படுகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். டேப்பும் தையலும் நுனியின் வேலை. வயரும் கயிறும் பிடிக்குப் பக்கத்தில் உள்ள 2, 3 செ.மீ.யின் வேலை. நடுவில் உள்ள நீளம் உண்மையில் உழைப்பது பழத்துக்கும் பாணுக்கும் மட்டும்தான். ஆகவே நீளம் எவ்வளவு என்ற கேள்வியைப் பழத்திடம்தான் கேட்க வேண்டும்.

நன்றாகப் பழுத்த தக்காளியின் மேல் கத்தியை வைத்து நேராகக் கீழே அமுக்குங்கள். தோல் உள்ளே குழிகிறது, பழம் பக்கவாட்டில் பிதுங்குகிறது, வெட்டு மட்டும் விழவில்லை. இன்னும் அமுக்கினால் ஒரு கட்டத்தில் தோல் கிழிந்து கத்தி சடாரென்று உள்ளே இறங்கும், சாறு தெறிக்கும். அதே கத்தியை அதே இடத்தில் வைத்து, அமுக்காமல், உங்கள் பக்கமாக மெல்ல இழுத்துப் பாருங்கள். கத்தியின் எடையே போதும் என்கிற மாதிரி தோல் திறந்துகொள்ளும். கூரான விளிம்பின் முனை ஒரு மைக்ரோமீற்றருக்கும் குறைவான ஆரம் கொண்டது (தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரோமீற்றர்), ஆனால் சாணை பிடித்த எந்த விளிம்பிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு பற்கள் இருக்கும். இழுக்கும்போது அவை தோலில் மாட்டி அதைக் கிழிக்கத் தொடங்குகின்றன.

பற்கள் இல்லாவிட்டாலும் இழுப்பது உதவும் என்பதுதான் இதில் சுவாரசியம். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் டோனி அட்கின்ஸும் கூட்டாளிகளும் செடார் சீஸையும் சலாமி இறைச்சியையும் வெட்டி இதை அளந்து 2004இல் வெளியிட்டார்கள். கத்தி கீழே இறங்கும் வேகத்தோடு ஒப்பிடும்போது பக்கவாட்டில் ஓடும் வேகம் கூடக்கூட, கீழ்நோக்கி அமுக்க வேண்டிய விசை மளமளவென்று குறைகிறது. வெட்டுவதற்கு வேண்டிய சக்தியில் ஒரு பங்கை இழுப்பே கொடுத்துவிடுவதால் அமுக்குவதற்கு மிச்சம் குறைவு. ஹாவார்டில் எல். மகாதேவன் குழு 2012இல் இன்னொரு பக்கத்திலிருந்து இதே விஷயத்தைப் பார்த்தது. மென்மையான அகர் ஜெல்லைக் கம்பியால் வெட்டினார்கள். கம்பிக்குப் பல் ஏது? ஆனாலும் அமுக்குவதோடு இழுக்கவும் செய்தபோது வெட்டு மிகக் குறைந்த விசையிலேயே தொடங்கியது. மென்மையான பொருள் நசுக்கினால் தாங்கும், இழுத்துப் பிரித்தால் தாங்காது. பக்கவாட்டு இழுப்பு அந்தப் பிரிக்கும் விசையை நேரடியாகவே உண்டாக்கிவிடுகிறது.

சரி, இதற்கும் நீளத்துக்கும் என்ன? இழுப்பதற்கு ஓடும் தூரம் வேண்டும். பழத்தின் முழு அகலத்தையும் கத்தி எப்போதும் தொட்டுக்கொண்டிருக்க வேண்டுமென்றால், அலகின் நீளத்திலிருந்து பழத்தின் அகலத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஒரே இழுப்பில் கிடைக்கும் ஓட்டம். 5 செ.மீ. அகலமான தக்காளிக்கு 4 செ.மீ. அலகு என்றால் ஓட்டமே இல்லை, முன்னும் பின்னுமாக அறுத்து, பழத்தைத் திருப்பித் திருப்பி வைத்துச் சமாளிக்க வேண்டும், வெட்டின முகம் படிப்படியாக இருக்கும். 7 செ.மீ. இருந்தால் 2 செ.மீ. ஓட்டம், அது தாராளம். ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் இலகு. நடுவில் கொட்டை இருப்பதால் அதன் இரண்டு பக்கமும் கன்னத்தைத்தான் சீவப் போகிறோம். பழத்தை நிமிர்த்திப் பிடித்து காம்புப் பக்கமிருந்து கொட்டையை ஒட்டி இறக்கினால் கத்தி தாண்ட வேண்டியது கன்னத்தின் அகலத்தை மட்டும். 7 செ.மீ. அதற்குப் போதும், கொட்டையின் வளைவோடு நுனியைத் திருப்பிக்கொண்டு போவதற்கும் சின்ன அலகுதான் வசதி. பாண் ஒன்றுதான் இந்தக் கணக்கில் அடங்காது. முழுப் பாணுக்கு 7 செ.மீ. காணாது, சுற்றிவரத்தான் வெட்ட வேண்டும். அதற்காகத் தினமும் பெரிய கத்தியோடு திரிவது வீண் என்பது என் அபிப்பிராயம், வீட்டில் பாண் கத்தி இருக்கிறதுதானே.

அப்படியென்றால் 10 செ.மீ. இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். இங்கேதான் கை உள்ளே வருகிறது. பார்சல் டேப்பை நுனியால் அறுக்கும்போது நுனி சந்திக்கும் எதிர்ப்பை விரலும் மணிக்கட்டும்தான் தாங்குகின்றன, கையைச் சுழற்றப் பார்க்கும் அந்தத் திருப்பம் விசையைத் தூரத்தால் பெருக்கிய அளவு. சுட்டுவிரலிலிருந்து நுனி 7 செ.மீ.க்குப் பதிலாக 10 செ.மீ. தள்ளி இருந்தால், அதே டேப்புக்கு 43 சதவீதம் கூடுதலாகக் கை உழைக்க வேண்டும். துல்லியமும் அதே அளவு குறைகிறது. கை 1 பாகை அசைந்தால் 7 செ.மீ. தூரத்தில் நுனி 1.2 மி.மீ. விலகும், 10 செ.மீ. தூரத்தில் 1.7 மி.மீ. விலகும். அரிசி மூட்டையில் பையைக் கிழிக்காமல் ஒரு நூல்கண்ணியை மட்டும் நுனியால் தூக்கி அறுத்துவிட்டு மற்றதை உருவி எடுக்க முயன்றவர்களுக்கு இந்த அரை மில்லிமீற்றர் என்ன பாடுபடுத்தும் என்று தெரியும்.

இதைவிடப் பெரிய பிரச்சினை வளைவு. ஒரு பக்கம் பிடித்திருக்கும் தகட்டின் நுனியைப் பக்கவாட்டில் தள்ளினால் அது வளையும் அளவு நீளத்தின் கனத்தோடு (நீளம் × நீளம் × நீளம்) ஏறும். 7 செ.மீ. 10 ஆனால் வளைவு 1.43 மடங்கு அல்ல, கிட்டத்தட்ட 3 மடங்கு. அதே விறைப்பைத் திரும்பக் கொண்டுவர ஒரே வழி தடிப்பைக் கூட்டுவதுதான், 2 மி.மீ. தகடு ஏறக்குறைய 3 மி.மீ. ஆக வேண்டும். தடித்த கத்தி வெட்டாது, பிளக்கும். கரட் ஒன்றைத் தடித்த மடக்குக் கத்தியால் வெட்டிப் பார்த்தவர்கள் கேட்டிருப்பார்கள், பாதி இறங்கியதும் 'டக்' என்று ஒரு சத்தம். அந்த இடத்திலிருந்து கூர் வேலை செய்யவில்லை, ஆப்பு மாதிரி உடம்பு நுழைந்து கரட்டை உடைத்துவிட்டது. வெட்டு சுத்தமாக வர, கூருக்கு மேலே அலகு மெல்லியதாக இருக்க வேண்டும், மெல்லிய அலகு விறைப்பாக இருக்க, அது நீளம் குறைந்ததாக இருக்க வேண்டும். இந்த ஒரு சங்கிலியைப் புரிந்துகொண்டால் கடையில் பாதிக் கத்திகளைத் தொடாமலே ஒதுக்கிவிடலாம். சமையலறைக் கத்தி மட்டும் எப்படி நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கிறது என்றால், அது பலகை மேல் நேராக இறங்குகிறது, யாரும் அதை வைத்து எதையும் நெம்புவதில்லை.

கடினமான பொருளுக்காவது நீளம் உதவுமா? உதவாது. பாக்குவெட்டியில் பாக்கை எங்கே வைக்கிறோம்? ஆணிக்குப் பக்கத்தில், அங்கேதான் கைவிசை பெருகுகிறது. மடக்குக் கத்தியிலும் கேபிள் டையோ தடித்த கயிறோ வெட்டும்போது அதை அடியில், பிடியை ஒட்டிய இடத்தில் வைத்துத்தான் அமுக்குவோம். அதற்கு அப்பால் எவ்வளவு இரும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அந்த வெட்டுக்குச் சம்பந்தமே இல்லாத விஷயம்.

காலிமுகத்திடலில் தம்பிலி வெட்டுகிறவரின் கத்தியைப் பார்த்துவிட்டு மடக்குக் கத்தியிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். அது வேறு இயக்கம். அங்கே வெட்டுவது எடையும் வேகமும், நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிய இயக்கசக்தி முழுவதும் ஒரே கொத்தில் ஓட்டுக்குள் இறங்குகிறது. 50, 100 கிராம் எடையுள்ள மடக்குக் கத்திக்கு எத்தனை செ.மீ. சேர்த்தாலும் அது வராது, கொத்தினால் ஆணிதான் ஆட்டம் காணும்.

அடுத்தது, மடக்குக் கத்தி என்பதால் மட்டும் வருகிற கட்டுப்பாடு. அலகு பிடிக்குள் போய் அடங்க வேண்டும், ஆணிக்கும் ஓரத்துக்கும் இடம் வேண்டும். ஆகவே பிடி பெரும்பாலும் அலகைவிட இரண்டு, இரண்டரை செ.மீ. நீளம். பிரான்ஸின் சவோயில் 1890இல் ஜோசப் ஒபினெல் செய்யத் தொடங்கிய மரப்பிடிக் கத்திகளில் 8ஆம் இலக்கம்தான் உலகமெல்லாம் போனது, அதில் அலகு 8.5 செ.மீ., பிடி 11. சுவிற்சர்லாந்தில் கார்ல் எல்சனர் 1897இல் பதிந்த அதிகாரிகள் கத்தியின் வழியில் வந்த, இன்று விக்டொரினொக்ஸ் விற்கும் வழக்கமான அளவு, மடக்கினால் 9.1 செ.மீ., அலகு 7க்குச் சற்றுக் கீழே. இப்போது உங்கள் உள்ளங்கையைச் சுட்டுவிரல் அடியிலிருந்து சின்னவிரல் அடிவரை அளந்து பாருங்கள், பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 7½ முதல் 9 செ.மீ.க்குள் இருக்கும். நாலு விரலும் பிடியில் முழுதாக உட்கார வேண்டுமென்றால் பிடி அதைவிட ஒரு செ.மீ. கூட வேண்டும், அதிலிருந்து இரண்டரையைக் கழித்தால் அலகு. 8½ செ.மீ. கைக்கு 9½ செ.மீ. பிடி, 7 செ.மீ. அலகு. பழத்திலிருந்து கணக்குப் போட்டு வந்ததும் இதே எண்தான்.

பிடியை அளவுக்கு மீறி நீட்டினால் அலகும் நீளும், ஆனால் ஆணியில் ஏறும் சுமையும் கூடும். பூட்டு இல்லாத பழைய மாதிரிக் கத்திகளில் அலகை விரித்தபடி வைத்திருப்பது முதுகுப் பக்கத்து வில் (ஸ்பிரிங்) மட்டுமே. அந்த வில் எதிர்க்கக்கூடிய திருப்பம் ஒரு எல்லைக்குட்பட்டது. அலகு நீளமானால், நுனியின் மேல் விழும் சின்ன விசையே அந்த எல்லையைத் தாண்டி அலகை விரல் மேல் மூடிவிடும். இதனால்தான் பூட்டு இல்லாத கத்தியால் எதையும் குத்தித் துளை போடக் கூடாது, நீளமானதால் அறவே கூடாது. ஒபினெல் 1955இல் பிடியின் கழுத்தில் ஒரு உலோக வளையம் சேர்த்தது இதைத் தடுக்கத்தான்.

லண்டனில் இருக்கும் சொந்தக்காரருக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் இன்னொரு எண்ணையும் மனதில் வையுங்கள். இங்கிலாந்தில் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத, அதாவது 7.62 செ.மீ.க்குள் அடங்கும் மடக்குக் கத்தி மட்டும், அதுவும் பூட்டிக்கொள்ளாததாக இருக்க வேண்டும். 7 செ.மீ. நீளத்தில் சரிவரும், பூட்டு இருந்தால் சரிவராது. கட்டுநாயக்கவில் எந்த அளவாக இருந்தாலும் கைப்பையில் வைக்காமல், ஏற்றிவிடும் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

கொழும்புக்கென்று ஒரு விஷயம். கடற்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் கார்பன் உருக்கு அலகு ஒரே இரவில் புள்ளி விடும். எவர்சில்வர் வகை உருக்கில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது இருப்பதால் மேலே ஒரு மெல்லிய ஒக்சைட் படலம் காவல் இருக்கும், ஆனாலும் உப்பு அதைத் துளைக்கும். முதலில் கெடுவது கண்ணுக்குத் தெரியாத இடம், ஆணியைச் சுற்றிய இடுக்கு. பழம் வெட்டினால் கழுவி, விரித்தபடி நன்றாகக் காயவிட்டு, அப்புறம் மடக்குங்கள். ஆணிக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி போதும், தேங்காயெண்ணெய் நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

கடையில் பார்க்கும்போது பெட்டியில் அச்சிட்ட நீளத்தை நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் பிடியிலிருந்து நுனிவரை உள்ள அளவு, அதில் அடியில் கூர் இல்லாத துண்டு ஒன்றும் சேர்ந்திருக்கும். கூர் தொடங்கும் இடத்திலிருந்து அளந்து பாருங்கள், சில கத்திகளில் ஒரு செ.மீ. காணாமல் போகும். விரித்து, பிடியை இறுக்கிப் பிடித்து, நுனியை இரண்டு விரலால் முதுகுப் பக்கமாகப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். ஆணியில் மயிரளவு ஆட்டம் இருந்தாலும் நுனியில் அது பெருத்துத் தெரியும், தெரிந்தால் அடுத்த கத்தியை எடுங்கள். கை சின்னதென்றால் 6 செ.மீ.க்கு இறங்கலாம், சாவிக்கொத்தில் தொங்கி டேப்பும் கடித உறையும் மட்டும் வெட்டப் போகிறதென்றால் மடக்கினால் 5.8 செ.மீ. வரும் விக்டொரினொக்ஸின் சின்ன சுவிஸ் கத்தியே போதும், அதன் எடை 21 கிராம் அளவுதான். வெளியூர்ப் பயணத்தில் பாணும் பழமும் வெட்டிச் சாப்பிடுகிற பெரிய கைக்காரருக்கு 8½ செ.மீ. பொருந்தும், அலகின் தடிப்பு 2 மி.மீ.யைத் தாண்டாமல் மட்டும் பார்த்து வாங்கட்டும்.