கார் ஏற்றும் கப்பல் படை இறக்கப் போனால்

ரோ-ரோ கப்பலில், அதாவது வண்டிகள் ராம்ப் என்ற சாய்தளம் வழியாகத் தாமே ஓடி ஏறி இறங்கும் கப்பலில், சேரப்போகிற பிள்ளைகள் என்னிடம் சம்பளத்தைக் கேட்கிறார்கள், ரூட்டைக் கேட்கிறார்கள். அந்தக் கப்பலைப் போருக்கு எடுத்துக்கொண்டால் நம் கதி என்ன என்று கேட்பவர்கள் குறைவு. இப்போது அதைக் கேட்டே ஆக வேண்டும்.

கடல் தாண்டிப் பெரும்படையை இறக்கக் கடற்படையின் சொந்தக் கப்பல்கள் பெரும்பாலும் போதாது. 1982இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லாந்து தீவுப் போரில் பிரிட்டன் பயணிகள் கப்பலையும் ஃபெர்ரியையும் எடுத்துக்கொண்டது. மே 21 அன்று சான் கார்லோஸில் படை இறங்கியபோது கான்பெர்ரா என்ற சொகுசுக் கப்பலும், ஹல்லுக்கும் ராட்டர்டாமுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த நார்லாண்ட் ஃபெர்ரியும் அங்கே நின்றன.

நான்கு நாள் கழித்து, அட்லாண்டிக் கன்வேயர். கன்டெய்னரும் வாகனமும் ஏற்றும் கப்பல் அது. ஹெலிகாப்டர், எரிபொருள், வெடிபொருள், கூடாரம் எல்லாம் அதில் இருந்தன. ஏவுகணையைத் திசைதிருப்பும் கருவி மட்டும் இல்லை. எக்சோசெட் ஏவுகணைகள் தாக்கித் தீப்பிடித்தது. கேப்டன் இயான் நார்த் உட்பட 12 பேர் இறந்தார்கள். சினூக் ஹெலிகாப்டர்களில் அப்போது பறந்துகொண்டிருந்த ஒன்றுதான் தப்பியது. தூக்கிச் செல்லப் போதிய ஹெலிகாப்டர் இல்லாமல் வீரர்கள் மூட்டையைச் சுமந்து தீவின் குறுக்கே நடந்தார்கள்.

ரோ-ரோவின் வாகன டெக்கில் ஒருமுறை நின்று பாருங்கள். முன்கோடியிலிருந்து பின்கோடி வரை குறுக்குச் சுவரே கண்ணில் படாது. ராம்பில் ஏறும் வண்டி நேராக ஓடி வந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. டாங்கி ஏற்றவும் அதுதான் வசதி. ஆனால் தீயோ தண்ணீரோ உள்ளே புகுந்தால் தடுக்கக் குறுக்கே சுவர் இல்லை. 1987இல் பெல்ஜியத்தின் ஸீப்ரூஹ துறைமுகத்துக்கு வெளியே ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் ஃபெர்ரி முன்கதவு திறந்திருந்ததால் சில நிமிடங்களில் கவிழ்ந்து 193 பேர் இறந்தார்கள். அதுவும் சண்டையே இல்லாத நாளில்.

சீனா 2015இலேயே புதிய வணிகக் கப்பல்கள் ராணுவத்துக்கும் பயன்படும்படி கட்டத் தரவிதிகள் கொண்டுவந்தது. 2020 பயிற்சியில் பாங் சுய் தாவ் என்ற ஃபெர்ரி, மாற்றியமைத்த பின்ராம்ப் வழியாக நீரில் ஓடும் கவச வண்டிகளைக் கடலிலேயே இறக்கியது. மற்ற நாட்களில் பயணிகளை ஏற்றும் கப்பல் அது.

படையை ஏற்றிப்போகும் வணிகக் கப்பலைத் தாக்கப் போர்ச்சட்டம் எதிரிக்கு இடம் தருகிறது. உள்ளே சமையல்காரர் இருக்கிறார் என்பதற்காக மட்டும் அந்தத் தாக்குதல் நிற்காது. பிடிபட்டால் மூன்றாம் ஜெனீவா ஒப்பந்தப்படி வணிகக் கப்பல் ஊழியரையும் போர்க்கைதியாக நடத்த வேண்டும். இது வீட்டாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சரி, கையெழுத்துக்கு முன் என்ன பார்ப்பது? முதலில் கப்பலின் கொடி, அதாவது கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பது, ஏனென்றால் கொடி நாட்டு அரசு கப்பலைக் கேட்க முடியும். அப்புறம் காண்ட்ராக்டில் போர்ப்பகுதி பற்றிய பிரிவு. போக மறுத்தால் நிறுவனச் செலவில் ஊர் திரும்பலாமா, போனால் சம்பளமும் இழப்பீடும் எவ்வளவு கூடும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். பிரிவே இல்லையென்றால் ஏஜெண்டிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கப்பல் ஏறாதீர்கள்.