சிவப்பு கொஞ்சம், வலி மட்டும் எக்கச்சக்கம்

காலில் சின்னச் சிராய்ப்பு. மறுநாள் லேசாகச் சிவந்து வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் ஆள் வலியில் துடிக்கிறார். புண்ணுக்கும் வலிக்கும் பொருத்தமே இல்லாவிட்டால் அனுபவமுள்ள சர்ஜன் உஷாராகிவிடுவார். 'நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ்', அதாவது தோலுக்கு அடியில் இருக்கும் ஜவ்வை அழுகவைக்கும் கிருமித் தொற்று, பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்.

ஆட்டுக்கறியைச் சுத்தம் செய்யும்போது தசைமேல் வெள்ளை ஜவ்வு ஒன்று உரிந்து வருமே, அதுபோல நமக்கும் உண்டு. அதில் ரத்த ஓட்டம் குறைவு. கிருமிகள் அதன் வழியே வேகமாகப் பரவுகின்றன. அவற்றின் நஞ்சால் அங்குள்ள சிறு ரத்தக்குழாய்கள் உறைந்து அடைபடுகின்றன. மேலே இருக்கும் தோல் பிறகுதான் கறுக்கும். நரம்பும் செத்துப்போனால் வலி குறையும். 'தேவலையாகிவிட்டது' என்று வீட்டார் நிம்மதி அடைவது அப்போதுதான்!

ஆன்டிபயாட்டிக் ரத்தத்தோடுதான் போயாக வேண்டும். ரத்தமே போகாத இடத்துக்கு அது எப்படிப் போகும்? அதனால் அழுகிய திசுவை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். 1924-இல் சீனாவின் பீக்கிங்கில் மெலனி என்ற சர்ஜன் இந்நோய் கண்ட 20 பேரைப் பற்றி எழுதினார். பெனிசிலின் வராத காலம். கீறித் திறந்துவிடுவதுதான் முக்கிய வைத்தியம். இறந்தவர்கள் 20 சதவீதம். இன்றும் பல மருத்துவமனைகளின் கணக்கு 20 சதவீதத்துக்கும் 30 சதவீதத்துக்கும் இடையில்தான். இன்றைய நோயாளிகளுக்கு வயதும் கூட வரும் நோய்களும் அதிகம் என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் யோசிக்க வைக்கும் எண்.

வயது, சிறுநீரகக் கோளாறு, ஈரல் நோய், வரும்போதே ரத்த அழுத்தம் விழுந்திருப்பது எல்லாம் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும். சர்க்கரை நோயில் இன்னொரு சிக்கல்: கால் மரத்துப்போனவருக்கு அந்த எச்சரிக்கை வலியே தெரியாமல் போகலாம். இவற்றை மருத்துவர் மாற்ற முடியாது. அவர் கையில் இருப்பது நேரம். ஆஸ்பத்திரிக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடந்தவர்கள், தாமதமானவர்களைவிட அதிகம் பிழைக்கிறார்கள்.

சந்தேகம் தீரவில்லையா? மரத்துப்போக ஊசி போட்டு, 2 சென்டிமீட்டர் கீறி, விரலை விட்டுப் பார்ப்பார்கள். நல்ல திசு ரத்தம் கசியும், விரலுக்கு இடம் கொடுக்காது. அழுகியதில் ரத்தமே வராது. பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கல் வழியும், விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். அப்புறம் ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்க மாட்டார்கள், நேரே ஆபரேஷன் தியேட்டர்தான்.