போக்கரில் பலமான கை: பதுங்குவதா, பாய்வதா?

ஓயாமல் பந்தயம் கட்டும் ஆட்டக்காரருக்கு எதிரே பலமான கை அமைந்தால் "கால் மட்டும் செய் (அவர் கட்டியதற்குச் சமமாக மட்டும் போடு), அவரே பணத்தைக் கொட்டுவார்" என்று சொல்லித்தருவது வழக்கம். இது பாதிதான் சரி. அவர் ரிவர் (கடைசிப் பொதுச்சீட்டு) வரை எத்தனை பிளஃபைக் (வெற்றுக் கையோடு கட்டும் பந்தயத்தைக்) கொண்டுவருவார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

நோ-லிமிட் ஹோல்டெம் (ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச்சீட்டு, பந்தயத்துக்கு வரம்பில்லை), பிளைண்ட் எனும் கட்டாய முன்பந்தயம் 1-2, ஆளுக்கு 200 சிப்ஸ். பட்டனில் (கடைசியாக ஆடும் இடத்தில்) இருப்பவர் 6 போடுகிறார். பிக் பிளைண்டில் (2 போட்ட இடத்தில்) நீங்கள் இரண்டு 7 வைத்துக் கால் செய்கிறீர்கள், ஸ்மால் பிளைண்ட் (1 போட்டவர்) விலகுகிறார். பாட் (நடுவில் சேர்ந்த பணம்) 13. ஃபிளாப்பில் (முதல் மூன்று பொதுச்சீட்டில்) கிங், 7, 2, மூன்றும் வெவ்வேறு இனம்; உங்களுக்கு மூன்று 7. செக் செய்கிறீர்கள் (கட்டாமல் விடுகிறீர்கள்), அவர் 9 கட்ட, கால். பாட் 31. டர்னில் (நான்காம் பொதுச்சீட்டில்) 3 விழ, மறுபடி செக். அவர் 22 கட்டுகிறார். அதைக் கொடுத்தால் உங்களிடம் மிஞ்சுவது 163.

இங்கே 66-க்கு ரெய்ஸ் செய்தால் (பந்தயத்தை உயர்த்தினால்) பிளஃப்கள் அத்தனையும் உடனே விழுந்துவிடும்; கூடுதல் வரவு பூஜ்யம். அவரிடம் நல்ல கை இருந்து விலகாமல் கடைசிவரை வந்தால் 163-உம் கிடைக்கும். வெறும் கால் செய்தால், ரிவரில் பிளஃபைத் தொடர்பவரிடமிருந்து 55 அளவில் இன்னொரு பந்தயம் வரும். நல்ல கையும் அதே 55 கட்டும்; அதன்மேல் நீங்கள் ஆல்-இன் (மிச்சம் முழுவதையும் கட்டுவது) போக, பாதி நேரமே கால் செய்யும் என்று வைத்தால் சராசரி 109. ஆக, கால் செய்வதால் நல்ல கை ஒவ்வொன்றிலும் 54 இழப்பு, தொடரும் பிளஃப் ஒவ்வொன்றிலும் 55 லாபம். எது எண்ணிக்கையில் அதிகமோ அதன் பக்கம் போக வேண்டியதுதான்.

எண்ணிப் பார்ப்போம். அவருடைய நல்ல கைகள்: ஏஸ்-கிங் 12 விதம், கிங்-குயின் 12, ஏஸ் ஜோடி 6; மொத்தம் 30. குயின்-ஜாக், குயின்-10, ஜாக்-10 தலா 16 விதம், 48 பிளஃப். எல்லாவற்றையும் ரிவரிலும் அடிப்பவர் என்றால் கால். டர்னோடு பாதியைக் கைவிடுபவர் என்றால் 24 தான் மிச்சம், உடனே ரெய்ஸ். கிங்-குயின் ரெய்ஸுக்குப் பயந்து விலகும் என்று தோன்றினால் தராசு மறுபடி கால் பக்கம் சாயும். உங்களை வெல்லும் கிங் ஜோடி 3 விதம்தான்; அதற்கு அஞ்சி ஆட்டத்தை மாற்ற வேண்டாம்.

ஆகவே ஷோடவுனில் (இறுதியில் கையைக் காட்டும் கட்டத்தில்) அவர் திறக்கும் சீட்டுகளைக் கவனியுங்கள். ஃபிளாப்பிலும் டர்னிலும் சீறிவிட்டு ரிவரில் அடங்கிவிடுபவர்கள் நிறையப் பேர்.

ஃபிளாப் ஆட்டின் குயின், ஆட்டின் 8, கிளாவர் 7 என்றால் கதை வேறு. இரண்டு ஆட்டின் வைத்திருப்பவர் ஒரே இனத்தில் ஐந்து சேர்த்தால் உங்கள் மூன்று 7 தோற்கும்; அவருக்கு, தெரியாத 45 சீட்டில் 8 சீட்டு உங்களைத் தோற்கடிக்கும்; அடுத்த சீட்டிலேயே 18% வாய்ப்பு. அவர் கட்டிய 9-ஐ 30 ஆக்கினால், 52-ஐ வெல்ல அவர் இன்னும் 21 போட வேண்டும். அதற்கு 29% தேவை. பதுங்கினால் அந்த விலையை வாங்காமல் விடுகிறீர்கள். மூன்றாவது ஆட்டின் கண்ணில் பட்டபின் ஏஸ்-குயின்கூடப் பணம் தரத் தயங்கும்.

ஆளுக்கு 40 பிக் பிளைண்ட், அதாவது 80 சிப்ஸ்தான் என்றால் அதே கிங்-7-2 ஆட்டத்தில் ரிவருக்கு மிஞ்சுவது 43. அவருடைய பந்தயமே அதை முழுதாக உள்ளே இழுத்துவிடும். ரெய்ஸுக்கு வேலையே இல்லை.