நிற்காத வரிசையில் யார் முதல்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே உள்ள ஈசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் புனித வெள்ளியன்று நேர்த்திக்கடன் செலுத்த வருவோரின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கைக்குழந்தையோடு வரும் பெண்ணையோ, ஊன்றுகோலோடு வரும் ஆயாவையோ முன்னே விட்டால் ஒருவரும் முணுமுணுப்பதில்லை. திடகாத்திரமான ஓர் ஆள் நடுவில் நுழைந்தால் உடனே பத்துக் குரல்கள் எழும். வரிசையின் நியாயத்தைக் காப்பது அதிலே நிற்பவர்களின் கண்கள்தான். வரிசைகளை ஆராய்வதிலேயே பெயர் பெற்ற அமெரிக்கப் பேராசிரியர் ரிச்சர்ட் லார்சன், காத்திருப்போரின் மனநிறைவை நேரத்தின் நீளம் மட்டும் தீர்மானிப்பதில்லை, தமக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போகிறாரா என்பதும் தீர்மானிக்கிறது என்று 1987இல் எழுதினார்.

கேளிக்கைப் பூங்காக்களின் மெய்நிகர் வரிசையில் இந்தக் கண்கள் இல்லை. கைபேசிச் செயலியில் பெயரைப் பதிந்துவிட்டு வேறெங்கோ உலவிக்கொண்டிருக்கலாம். முறை வரும்போது அழைப்பு வரும். ஜோகனஸ்பர்க்கின் கோல்டு ரீஃப் சிட்டியில் ‘அனகோண்டா’ ரோலர் கோஸ்டருக்காகப் பள்ளி விடுமுறை வெயிலில் பிள்ளைகளோடு நின்று களைத்தவர்களுக்கு இது வரமாகத் தோன்றலாம். ஆனால் இந்த முறை எதைக் குறைக்கிறது, எதைக் குறைப்பதில்லை என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

ஜான் லிட்டில் என்னும் அமெரிக்க அறிஞர் 1961இல் நிறுவிய விதி மிக எளியது: காத்திருப்போரின் எண்ணிக்கை என்பது, ஒரு மணி நேரத்தில் வந்து சேர்வோரின் எண்ணிக்கையை ஒருவர் காத்திருக்கும் சராசரி நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது. ஒரு சவாரி மணிக்கு 1,200 பேரை ஏற்றுகிறது, அதற்காக 2,400 பேர் காத்திருக்கிறார்கள் என்றால், கடைசி ஆள் இரண்டு மணி நேரம் பொறுத்தே ஆக வேண்டும். அவர் கம்பித் தடுப்புகளுக்கு நடுவே நின்றாலும், மர நிழலில் சமோசா தின்றுகொண்டிருந்தாலும் அந்த இரண்டு மணி நேரம் மாறாது. மெய்நிகர் வரிசை ஒரு இருக்கையைக்கூடக் கூட்டுவதில்லை. போதாக்குறைக்கு, நிற்கும் வேலையிலிருந்து விடுபட்டவர்கள் பக்கத்துச் சவாரிகளுக்குப் போவதால் அங்கே வரிசை நீள்கிறது.

டிஸ்னி நிறுவனம் 1999இல் புளோரிடாவில் ஃபாஸ்ட்பாஸ் என்ற இலவசச் சீட்டைக் கொண்டுவந்தபோது, இயந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செருகினால் பின்னொரு நேரத்தில் திரும்பி வருவதற்கான அனுமதி கிடைத்தது. பிற்காலத்தில் முன்பதிவு கைபேசிக்கு மாறியபோது, டிஸ்னி விடுதிகளில் தங்குபவர்கள் 60 நாட்களுக்கு முன்பும் மற்றவர்கள் 30 நாட்களுக்கு முன்பும் பதியலாம் என்று வகுத்தார்கள். 2021இல் அதற்கு விலை வைத்தார்கள். இப்படிப் பதிந்தவர்கள் நுழையும் விரைவு வழிக்கு எத்தனை இருக்கைகளை ஒதுக்குகிறார்கள் என்பதில்தான் நியாயம் முதலில் சறுக்குகிறது. மேற்சொன்ன 1,200 இருக்கைகளில் 900 விரைவு வழிக்குப் போனால் சாதாரண வரிசைக்கு 300 மட்டுமே மிஞ்சும். அந்த வரிசையில் 200 பேர் நிற்பதைப் பார்ப்பவர் பத்து நிமிடத்தில் ஏறிவிடலாம் என்று நம்புவார். உண்மையில் அவருக்கு நாற்பது நிமிடம் ஆகும். பணம் கட்டியவர் முந்திப் போவதைவிட, இந்த விகிதத்தை வாசலில் எழுதி வைக்காமல் இருப்பதே பெரிய அநீதி என்பது என் எண்ணம்.

விலையில்லாத மெய்நிகர் வரிசையிலும் சிக்கல் உண்டு. 2019 டிசம்பரில் புளோரிடாவில் திறக்கப்பட்ட ‘ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்’ சவாரிக்குச் சாதாரண வரிசையே வைக்கப்படவில்லை. சில காலம், காலை 7 மணிக்குச் செயலியில் பதிவு திறந்த சில நொடிகளிலேயே, முறைப்படி அழைக்கப்படுவதற்கான குழுக்கள் நிரம்பின. முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற விதி நியாயமாகத் தோன்றுவதற்குக் காரணம், வரிசையில் முன்னே நிற்பவர் தம் நேரத்தைக் கொடுத்து அந்த இடத்தைப் பெற்றிருக்கிறார் என்பதுதான். நொடிக்குள் முடிந்துவிடும் பந்தயத்திலோ யாரும் எதையும் கொடுப்பதில்லை. விரலின் வேகமும், கைபேசியின் விலையும், அருகிலுள்ள அலைக்கோபுரத்தின் நெரிசலுமே முடிவு செய்கின்றன. 2023இன் மின்வெட்டுகளை நம் நாட்டில் அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோபுரத்தின் மின்கலம் தீர்ந்துபோன பேட்டையில் வாழ்பவர் 7 மணிப் பந்தயத்தில் ஓடுகளத்துக்கே வருவதில்லை.

இதற்கு மாற்று, பதிவு திறந்திருக்கும் நேரத்தை நீட்டி, சேரும் வேகத்தைப் பயனற்றதாக்குவதே. காலை 6 மணி முதல் 8 மணி வரை எப்போது பதிந்தாலும் ஒன்றுதான். 8 மணிக்குக் கணினி எல்லாப் பெயர்களையும் குலுக்கி வரிசை எண் தரும். 2010 உலகக் கோப்பைக் கால்பந்துச் சீட்டு விற்பனையில் தென்னாப்பிரிக்கர்கள் இரண்டு முறைகளையும் பார்த்தோம். முதல் கட்டத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குள் வந்த விண்ணப்பங்களையெல்லாம் குலுக்கினார்கள். 2010 ஏப்ரல் 15 அன்று கவுன்ட்டர் விற்பனை தொடங்கியபோதோ மக்கள் முந்தைய இரவே வந்து படுத்தார்கள், கணினிகளும் திணறின. குலுக்கலில் தோற்றவருக்கு ஏமாற்றம் இருந்தது, தூக்கம் கெடவில்லை.

குலுக்கலும் கவனமாக அமைக்காவிட்டால் கோணிவிடும். ஒருவர் தேர்வானால் அவர் குடும்பமே ஏறலாம் என்று வைத்து, ஒவ்வொருவரும் தனித்தனியே பதியவும் இடம் கொடுத்தால் என்ன ஆகும்? ஒரு பதிவுக்கு வாய்ப்பு 10 விழுக்காடு என்றால், தனியாக வந்தவருக்கு அதே 10 விழுக்காடு. நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒருவருக்காவது விழும் வாய்ப்போ ஏறத்தாழ 34 விழுக்காடு. ஆகவே ஒன்றாக வருபவர்கள் எத்தனை பேரானாலும் ஒரே சீட்டாகக் குலுக்கப்பட வேண்டும், ஒரு நுழைவுச்சீட்டு ஒரு குழுவில் மட்டுமே இடம்பெற வேண்டும்.

கடைசி இருக்கைகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. மூன்று இடங்கள் மிஞ்சியிருக்கும்போது அடுத்த பெயர் ஐவர் குடும்பத்தினுடையதாக இருந்தால், அவர்களைத் தாண்டி இருவர் குழுவுக்குக் கொடுப்பதே சிக்கனம் என்று தோன்றும். அதை நாள்தோறும் செய்தால் பாட்டி, அத்தை, பிள்ளைகள் என்று திரண்டு வரும் நம் வீட்டுக் குடும்பங்கள் தொடர்ந்து பின்தங்கும். இரண்டு இடங்களைக் கூடுதலாகவே ஒதுக்கிவிடலாம். அழைத்தும் வராதவர்கள் எந்த நாளிலும் சிலர் இருப்பார்கள், அந்த இடங்கள் இதை ஈடுகட்டும்.

சவாரிகள் பழுதாகும், மழை பெய்யும். எனவே நாள் முழுவதற்குமான இடங்களைக் காலையிலேயே பங்கிட்டுவிடுவது பொய்யான வாக்குறுதியாகிவிடுகிறது. ஒரு பகுதியைக் காலையிலும் மறுபகுதியை நண்பகலிலும் குலுக்கினால், டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்திலிருந்து மினிபஸ் டாக்சி மாறி மாறித் தாமதமாக வருபவருக்கும் கதவு திறந்திருக்கும். ஒரு சவாரிக்கான குலுக்கலில் இடம் கிடைக்காதவருக்கு அடுத்த சவாரிக்கான குலுக்கலில் சற்றே கூடுதல் வாய்ப்புக் கொடுக்கவும் கணினிக்குச் சிரமமில்லை. நெடுநேரம் நிற்க இயலாத நோயாளிகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும். அவர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பதை மற்றவர்களோடு சமமாக வைத்து, எங்கே காத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் மாற்றுவது போதுமானது. முதியோரையும் கைக்குழந்தைகளையும் முன்னே விடும் கோவில் வழக்கத்தை இதோடு சேர்த்துக்கொள்ளலாமா என்பது அந்தந்தப் பூங்கா முடிவு செய்ய வேண்டியது.

இத்தனையும் செய்த பிறகும் ‘இடங்கள் முடிந்துவிட்டன’ என்ற ஒற்றை வரியைத் திரையில் காட்டினால் யாரும் நம்பப் போவதில்லை. பதிந்த குழுக்கள் எத்தனை, இதுவரை அழைக்கப்பட்டவை எத்தனை, உங்கள் எண் என்ன, விரைவு வழிக்கு இந்த மணி நேரத்தில் எத்தனை இருக்கைகள் போயின என்ற நான்கு எண்களும் அதே திரையில் எளிதாக அடங்கும்.