சர்க்காடியன் ஒளியமைப்பு: சொல் விளக்கம்

கட்டட உள்வடிவமைப்பைப் பற்றிய பேச்சுகளிலும் விளக்குகளின் விளம்பரங்களிலும் இன்று ‘சர்க்காடியன் லைட்டிங்’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. உடலின் இயல்பான பகலிரவுச் சுழற்சிக்கு இசைவாக வீட்டிலும் அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் ஒளியை அமைப்பதே இதன் பொருள். ‘சர்க்காடியன்’ பழஞ்சொல் அன்று. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பணியாற்றிய ஃபிரான்ஸ் ஹால்பெர்க் 1959ஆம் ஆண்டில் இரண்டு இலத்தீன் சொற்களைச் சேர்த்து இதை ஆக்கினார். ‘சிர்கா’ என்றால் ஏறத்தாழ. ‘டியெஸ்’ என்றால் நாள். ஆகவே ‘ஏறத்தாழ ஒரு நாள் அளவிலான’ என்பதே சொல்லின் நேர்ப்பொருள்.

இந்த ‘ஏறத்தாழ’வில்தான் சொல்லின் உயிர் இருக்கிறது. 1729இல் பிரான்சில் டி மைரான் என்ற அறிஞர் தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தபோது, வெயிலே படாத நிலையிலும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் கூம்பின. வெளியுலகத்தின் துணையின்றி உயிருக்குள்ளேயே ஒரு சுழற்சி ஓடுகிறது என்பதற்கு அது முதற்சான்று. ஆனால் அந்த உட்சுழற்சி 24 மணி நேரத்தோடு அப்படியே பொருந்துவதில்லை. மனிதரில் அதன் சராசரி 24 மணி 11 நிமிடம் அளவில் இருப்பதாக 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. நாள்தோறும் சரிசெய்யப்படாவிட்டால் ஒரே வாரத்தில் உடல் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிடும். சரிசெய்யும் வேலையில் முதலிடம் ஒளிக்கே உரியது.

கண்ணில் பார்வைக்கான செல்களைத் தவிர, மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட செல்கள் சிலவும் உள்ளன. ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு மிகுதியாக வினையாற்றும் இவை, மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் உட்சுழற்சியை நடத்தும் சிறு நரம்புக் கொத்துக்குப் பொழுதைத் தெரிவிக்கின்றன. இதனால் விளக்கின் பிரகாசத்தை மேசை மீது அளந்தால் மட்டும் போதாது. உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். 2022இல் பன்னாட்டு அறிவியலாளர்கள் வெளியிட்ட பரிந்துரை, மெலனாப்சினின் உணர்திறனுக்கேற்பக் கணக்கிட்ட லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவில், பகலில் கண்ணுக்குக் குறைந்தது 250, உறங்குவதற்கு முந்தைய மூன்று மணி நேரத்தில் அதிகபட்சம் 10, உறக்கத்தில் அதிகபட்சம் 1 என்று வரையறுக்கிறது. மஞ்சள் நிற எல்இடி விளக்கு, அதே பிரகாசமுள்ள பகலொளியோடு ஒப்பிட்டால், இக்கணக்கில் ஏறத்தாழப் பாதி அளவே தரும். என்றாலும் அதைக் கூடம் முழுவதும் கண்கூசும்படி எரியவிட்டால் 10 என்ற எல்லையை எளிதில் தாண்டிவிடும். நிறம் மாறும் விளக்கை வாங்கிவிட்டாலே போதும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பகலில் சன்னலோரத்து இருக்கை செய்யும் வேலையையும் பல விளக்குகள் செய்வதில்லை.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நாளிதழ்களில் வழங்கும் ‘உயிரியல் கடிகாரம்’ நல்ல சொல்தான். ஆனால் அது சுழற்சியை நடத்தும் பொறியைக் குறிக்கிறது, சுழற்சியை அன்று. ‘தினசரிச் சுழற்சி’ என்பதில் ‘ஏறத்தாழ’ காணாமற்போகிறது. வெளிச்சமும் இருளும் மாறுவதால் மட்டுமே நிகழ்ந்து, தொடர் இருட்டில் நின்றுவிடும் அன்றாட மாற்றங்களுக்கு அச்சொல்லை ஒதுக்குவதே முறை. ‘பொங்கலையொட்டி’, ‘கரையையொட்டி’ என்று நாம் சொல்லும்போது அந்த ‘ஒட்டி’ அருகாமையைக் காட்டுகிறது, துல்லியத்தை அன்று. ஆகவே ‘நாளொட்டுச் சுழற்சி’ என்பது என் தேர்வு. ஒட்டுமாஞ்செடியை நினைவூட்டுகிறதே என்று சிலர் சிரிக்கலாம். ‘சிர்கா’வின் பொருளை இவ்வளவு சுருக்கமாகத் தரும் வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒளியமைப்புக்கு இதே அடைமொழியைப் போட வேண்டியதில்லை. சுழற்சிதான் ஏறத்தாழ ஓடுவது. அதைத் திருத்தும் ஒளியோ பொழுதறிந்து வர வேண்டும். ‘பொழுது’ தமிழில் காலத்தையும் குறிக்கும், கதிரவனையும் குறிக்கும். ‘பொழுது சாய்ந்தது’ என்னும்போது சாய்வது கதிரவன். அக இலக்கணம் ஒரு நாளைப் பப்பத்து நாழிகை கொண்ட ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தது. அவற்றுள் ‘எற்பாடு’ என்பதே ‘எல்’ ஆகிய ஞாயிறு படும் நேரம் என்று விரியும். ஒளியைக் கொண்டு நேரத்துக்குப் பெயரிட்ட மொழியில் ‘பொழுதுசார் ஒளியமைப்பு’ என்ற தொடர் இயல்பாகவே நிற்கும். இரண்டையும் சேர்த்து எழுதினால் இப்படி அமையும்: ‘தீவிர சிகிச்சைப் பிரிவில் பொழுதுசார் ஒளியமைப்பு இருந்தால் நோயாளியின் நாளொட்டுச் சுழற்சி பிசகாமல் இருக்க அது துணைசெய்யும்.’