ஏலியன் செடிக்கு ‘வாசி’ எதற்கு?

சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ஒன்றின் தமிழாக்கம். விண்கலம் எங்கோ ஒரு கோளில் இறங்குகிறது, கொடி ஒன்று நாயகனின் காலைச் சுற்றுகிறது. மேலே பெட்டிக்குள் வர்ணனை: ‘கொலைகார வேற்றுகிரகவாசிச் செடி!’ டப்பிங் படம், செய்தி, யூடியூப் என்று இந்த ‘வேற்றுகிரகவாசி’யைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இப்போது செடிக்கும் வந்துவிட்டது.

‘ஏலியன்’ இலத்தீனில் ‘மற்ற’ என்று பொருள்படும் ‘அலியுஸ்’ வழி வந்த சொல். அயலானது, வேறிடத்தது, அவ்வளவுதான். ஆளா, விலங்கா, செடியா என்று அது சொல்வதில்லை.

‘வாசி’ சொல்கிறது. கடலூர்வாசி என்றால் கடலூரில் குடியிருக்கும் ஆள். பண்ருட்டிப் பலாமரத்தை யாராவது பண்ருட்டிவாசி என்போமா? கூட உட்கார்ந்து படித்த அக்கா மகன், “மாமா, செடிக்குள்ள ஆள் இருக்கா?” என்றான். நியாயமான கேள்வி.

‘அயலான்’ என்று போடலாமே என்பார்கள். 2024-இல் அந்தப் பெயரில் படமே வந்தது. நல்ல தமிழ்தான், ஆனால் ஆண்பால் விகுதி. செடிக்கு மீசை ஒட்டியதுபோல் இருக்கும். மக்கள், தேவர், நரகர் மட்டுமே உயர்திணை, மற்றதெல்லாம் அஃறிணை என்று நன்னூல் அப்போதே வரப்புக் கட்டிவிட்டது.

‘கிரகம்’ வடசொல், பற்றிக்கொள்வது என்று பொருள். நம் ‘கோள்’ என்பதும் ‘கொள்’ என்பதிலிருந்து வந்ததுதான். பட்டினப்பாலையிலேயே ‘கோள்மீன்’ இருக்கிறது. கோள் என்றால் கோள்மூட்டுவது நினைவுக்கு வருமாம். சரி, கிரகம் மட்டும் என்ன வாழ்கிறது? ‘எல்லாம் என் கிரகம்’ என்று தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் நாம்.

ஆகவே அயற்கோள் செடி, அயற்கோள் கொடி. ஆளாக இருந்தால் அயற்கோளார். வெளியூர்ச் செடிக்குப் பெயர் வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. அமெரிக்கக் கண்டத்துக் காய்க்குப் பரங்கிக்காய் என்றார்கள். பரங்கி என்றால் ஐரோப்பியர். வந்த வழி ‘பரங்கி’, வந்தது ‘காய்’, தீர்ந்தது. பரங்கிப்பேட்டை இருக்கிற மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியிருப்பதுதான் கொடுமை.

அதைவிடக் கோபம் ‘கொலைகார’ மீது. மூலத்தின் பெட்டியில் வெறும் ‘ஏலியன் செடி’தான். அந்தக் கொடியைத் தப்பாகப் புரிந்துகொண்டதுதானே கதையே! ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்கிறது தொல்காப்பியம். அந்த ஓரறிவு தொட்டறிவது. வந்தவன் யார் என்று தொட்டுப் பார்த்த கொடிக்கு மூன்றாம் பக்கத்திலேயே தண்டனை கொடுத்துவிட்டார் மொழிபெயர்ப்பாளர். விறுவிறுப்புக்கு என்பார்கள். விறுவிறுப்பு என்றாலே கொலை, ராட்சசன், பயங்கரம் மூன்றும்தான் இவர்களுக்கு.

கடைசிப் பக்கத்தில் கொடி பேசுகிறது, தன் இனத்தைப் பற்றிச் சொல்கிறது, நாயகன் மன்னிப்புக் கேட்கிறான். ‘அது’வை ‘அவர்’ ஆக்க வேண்டிய இடம் அதுதான். ‘வாசி’ போட்டிருந்தால்கூட அங்கே பொறுத்துக்கொண்டிருப்பேன். அங்கே பார்த்து வெறும் ‘செடி’ என்று போட்டு முடித்துவிட்டார்.